எந்திரமும் தொழிற்குழுவும்

ஒரு தொழிற்கூடத்தில் புதிய எந்திரம் ஒன்று வந்து இறங்குகின்றது. அதனை எங்கே நிறுத்துவது, எவ்வளவு விரைவாக ஓட்டுவது, ஒரு நாளில் அதனிடமிருந்து எவ்வளவு வேலை பெறுவது என்பனவற்றையெல்லாம் பொறியியல் வல்லுநர் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருப்பர். ஆனால், அதன் அருகே நின்று உழைக்கப்போகும் மனிதர் யாரோடு சேர்ந்து உழைப்பர், அவருள் ஒருவருக்கு இடையூறு நேர்ந்தால் உதவிக்கு வருவார் யார், ஒருவர் செய்த பிழையின் பயனை வேறு எவர் நுகர்வர் என்னும் வினாக்கள் அக்கணக்கில் இடம்பெறுதல் அரிது. எந்திரம் வந்துவிட்டால் மனிதர் தாமே அதற்கு இசைந்து நடப்பர் என்று எண்ணுவதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. இவ்வெண்ணம் எத்துணைப் பிழையுடையது என்பதை இங்கிலாந்து நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

இங்கிலாந்தின் வட பகுதியில் உள்ள டர்ஹாம், யார்க்ஷயர் ஆகிய வட்டாரங்கள் நிலக்கரிக்குப் பெயர் பெற்றவை. அங்கே பூமியின் அடியில் கரி அடுக்கடுக்காகப் படிந்து கிடந்தது. சில அடுக்குகளின் உயரம் 3 அடிக்கு மிகாது. அத்தகைய இடத்தில் மனிதன் நிமிர்ந்து நிற்க இயலாது; முழந்தாளிட்டோ ஒருக்களித்துப் படுத்தோதான் கரியை வெட்ட வேண்டும். மேலே பாறை; கீழே பாறை; சுற்றிலும் இருள். எந்த நொடியில் கூரை இடிந்து விழும் என்று சொல்ல இயலாது. முட்டுக்கட்டைகளை நாட்டிக் கூரையைத் தாங்கச் செய்துகொண்டே சிறிது சிறிதாக முன்னேற வேண்டும்.

எந்திரங்கள் பெருகுவதற்கு முன்பு இவ்வேலையை இருவர் மூவராகச் சேர்ந்து செய்தனர். கரி வெட்டுவோன் ஒருவன்; அவனுக்குத் துணைவன் ஒருவன்; வெட்டிய கரியை வண்டியில் ஏற்றித் தள்ளிச் செல்லும் இளைஞன் ஒருவன். சில கஜ அகலமே உள்ள ஓரிடம் அவர்கட்கு உரியதாக விடப்படும். அவ்விடத்தில் வெட்டுதல், வெடி வைத்தல், முட்டுக் கொடுத்தல், கரியை வாரி ஏற்றுதல் ஆகிய எல்லா வேலைகளையும் அவர்களே செய்தனர். எவ்வளவு விரைவாக முன்னேறுவது, எப்பொழுது சற்று இளைப்பாறுவது என்பனவற்றையும் அவர்களே முடிவு செய்தனர். சுரங்க உரிமையாளரோடு அவர்கள் நேரே உடன்படிக்கை செய்துகொண்டு, கிடைத்த கூலியைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர்.

துணைவனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தொழிலாளிக்கே இருந்தது. இதனைச் சிறு செய்தி எனக் கருதிவிடலாகாது. இருளில் பக்கத்தில் இருப்பவன் விழிப்புடையவனா, கூரையில் எழும் சிற்றொலியைக் கேட்டறியும் செவி அவனுக்கு உண்டா என்பது உயிரைப் பற்றிய வினா. ஆதலால் தம் வலிமைக்கும் இயல்புக்கும் ஏற்றவனையே ஒவ்வொருவரும் நாடினர். டர்ஹாம் வட்டாரத்தார் இத்தகைய துணைவனை 'மாரோ' என்னும் தனிச்சொல்லால் அழைத்தனர். அந்நட்புப் பல ஆண்டுகள் நீடித்தது. துணைவன் விபத்தில் மாண்டால் அவனுடைய குடும்பத்தைத் தன் குடும்பம் போல் எண்ணிப் பேணியவர்களும் இருந்தனர்.

இம்முறையில் குறைகள் இல்லாமல் இல்லை. நல்ல இடத்தைப் பெறுவதற்காகக் குழுக்களிடையே போட்டியும் பூசலும் எழுந்தன; உடலுழைப்போ மிகக் கடுமையானது. பழையது என்பதனால் எல்லாம் இனியது ஆகிவிடாது. ஆயினும், சுரங்கத்தின் இருளுக்கும் இடருக்கும் ஈடுகொடுக்கக்கூடிய ஏற்பாடு ஒன்று அதனுள் அமைந்திருந்தது.

பின்னர்க் கரியை அடியில் அறுக்கும் எந்திரங்களும், வெட்டிய கரியைத் தாங்கிச் செல்லும் நகரும் பட்டைகளும் வந்தன. இவை சில கஜ அகலமுள்ள இடத்தில் பயன்படமாட்டா. அறுக்கும் எந்திரம் நேராக நெடுந்தொலைவு செல்லவேண்டும். பட்டையும் நெடுக ஓடவேண்டும். ஆகவே, சிறு சிறு இடங்களை ஒழித்து, 180 முதல் 200 கஜம் வரை நீண்ட ஒரே கரிச்சுவரை அமைத்தனர். இதற்கு 'நெடுஞ்சுவர் முறை' என்று பெயர்.

இம்முறையில் வேலை மூன்று கூறுகளாகப் பிரிக்கப்பட்டது. நாளொன்றுக்கு மூன்று 'ஷிப்டு'கள். முதல் ஷிப்டில் வருவோர் கரிச்சுவரில் வெடிக்குரிய துளைகளை இடுவர்; அறுக்கும் எந்திரத்தைக் கொண்டு சுவரின் அடியில் நெடுகப் பிளவு உண்டாக்குவர்; அப்பிளவில் தங்கிய கரித்தூளை வெளியேற்றுவர். இரண்டாம் ஷிப்டினர் நகரும் பட்டையைக் கழற்றி, முன்னே கொண்டுவந்து மீண்டும் பூட்டுவர். பாறையை உடைத்துப் போக்குவரத்து வழிகளை நீட்டுவர். மூன்றாம் ஷிப்டினர் வெடியால் தகர்ந்த கரியை மண்வாரியால் அள்ளிப் பட்டையின்மேல் கொட்டுவர். அடுத்த நாள் மீண்டும் முதற்கூறு தொடங்கும். ஏறத்தாழ 40 பேர் சேர்ந்து சுழற்றும் சக்கரம் இது. துளை இடுவோன் துளை மட்டுமே இடுவான். அள்ளுவோன் அள்ள மட்டுமே செய்வான். ஒவ்வொரு வகையினர்க்கும் கூலிக்கணக்கும் வேறு வேறாக இருந்தது.

பொறியியல் நூலைக்கொண்டு நோக்கினால் இவ்வேற்பாட்டில் குறை காண்பது கடினம். தொழிற்சாலைகளில் வெற்றி கண்ட வேலைப் பிரிவினை முறையே இங்கும் புகுத்தப்பட்டது. ஆனால், தொழிற்சாலை வேறு, சுரங்கம் வேறு. தொழிற்சாலையின் தளம் சமமானது, வெளிச்சம் மிக்கது, இன்று இருப்பதுபோலவே நாளையும் இருக்கும். சுரங்கத்திலோ கூரை ஓரிடத்தில் உறுதியாக இருக்கும். பத்துக் கஜம் தள்ளி உதிர்ந்து கொட்டும். நீர் ஊறும்; பாறை பிதுங்கும். இத்தகைய இடத்தில் எல்லாம் குறித்த நேரத்தில் முடிந்தே தீரும் என்று நம்பித் திட்டம் வகுத்தனர்.

மூன்றாம் ஷிப்டில் கரி அள்ள வந்த தொழிலாளியின் நிலையைக் கருதினால் இதன் விளைவு விளங்கும். அந்நெடுஞ்சுவரின் நீளத்தில் ஏறத்தாழ 20 பேர் தனித்தனியே நின்றனர். ஒவ்வொருவனுக்கும் 8 முதல் 10 கஜம் வரை உள்ள பகுதி அளந்துவிடப்பட்டது. அப்பகுதியின் கரி முழுவதையும் அந்த ஷிப்டுக்குள் அவன் ஒருவனே அள்ளி முடிக்க வேண்டும். அவனுக்கு முன் வந்தோர் பிளவைச் செம்மையாக அறுக்காமல் விட்டிருக்கலாம். கரித்தூளை வெளியேற்றாது சென்றிருக்கலாம். துளையை உரிய உயரத்தில் இடாமல் போயிருக்கலாம். பட்டையைக் கோணலாகப் பூட்டியிருக்கலாம். இவற்றுள் எது நேர்ந்தாலும் அதன் சுமை முழுவதும் அவன் முதுகின்மேல் விழும். அவன் பகுதியில் கூரை தீயதாக இருந்தால் முட்டுக் கொடுப்பதிலேயே பாதி நேரம் கழியும். பக்கத்தில் உள்ளவனுக்கும் தன் அளவை முடிக்க வேண்டிய கட்டாயம் இருந்தமையால் அவன் உதவிக்கு வரமாட்டான். பழைய முறையில் இருவர் பகிர்ந்துகொண்ட அச்சத்தை இப்பொழுது ஒருவனே சுமக்க நேர்ந்தது.

பிழை செய்தவனைக் கண்டு கேட்கவும் வழியில்லை. ஒரு ஷிப்டினர் இறங்கும்போது முந்திய ஷிப்டினர் மேலேறிப் போயிருப்பர். ஆகவே, கண்முன் இல்லாதவர்மேல் பழி சுமத்தும் வழக்கம் வேரூன்றியது. அள்ளுவோர் அறுப்போரைக் குறை கூறினர். அறுப்போர் பட்டை பூட்டுவோரைக் குறை கூறினர். எல்லோரும் மேற்பார்வையாளரைக் குறை கூறினர். மேற்பார்வையாளரோ, இருளில் நெடுகப் பரந்து கிடந்த 20 பேரை ஒரே நேரத்தில் காண இயலாமல், ஓரிடத்தில் தடைப்பட்ட வேலைக்காக மற்றோரிடத்தில் மன்றாடிக்கொண்டிருந்தனர். கடினமான பகுதி தனக்கு வரும் என்று அறிந்த நாளில் தொழிலாளி வேலைக்கு வாராமல் நின்றுவிடுவதும் உண்டு. அவன் வாராமையால் எஞ்சியோரின் சுமை மிகும்; அதனால் மறுநாள் அவர்களுள் ஒருவன் நின்றுவிடுவான்.

இங்கே ஊன்றிக் கவனிக்கத்தக்க முரண்பாடு ஒன்று உள்ளது. பழைய முறையில் ஒரு குழுவின் வேலை மற்றொரு குழுவின் வேலையைப் பெரிதும் சார்ந்திருக்கவில்லை. ஆனால் குழுவினுள் மனிதர் நெருங்கி வாழ்ந்தனர். புதிய முறையிலோ 40 பேருடைய வேலையும் சங்கிலிக் கண்ணிகளைப் போல ஒன்றையொன்று பற்றி நின்றது. மனிதரோ முன்னிலும் மிகுதியாகப் பிரிக்கப்பட்டனர். வேலை இணையும்போது மனிதரைப் பிரித்ததே அவ்வேற்பாட்டின் அடிப்படைக் குறை.

1947-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாளன்று பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆயின. உரிமையாளர் போய், தேசிய நிலக்கரி வாரியம் வந்தது. இனி எல்லாம் சீர்ப்படும் என்று பலரும் எதிர்பார்த்தனர். ஆயினும் உற்பத்தி எந்திரத்தின் ஆற்றலுக்கு ஏற்ப உயரவில்லை. தொழிலாளர் சுரங்கத்தை விட்டு வேறு தொழில்களை நாடிச் செல்வதும் நிற்கவில்லை. இதன் காரணத்தை ஆராய முற்பட்டவர்களுள் இலண்டனில் உள்ள டாவிஸ்டாக் மனித உறவு ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த எரிக் டிரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் ஆகிய இருவர் குறிப்பிடத்தக்கவர். பாம்ஃபோர்த் முன்னாளில் தாமே சுரங்கத்தில் உழைத்தவர். கரிச்சுவரின் முன் முழந்தாளிட்டிருந்த மனிதன் என்ன எண்ணினான் என்பதை அவர் பிறர் சொல்லக் கேட்டு அறிய வேண்டியிருக்கவில்லை. இவ்விருவரும் எழுதிய ஆய்வுரை 1951-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அவ்வுரை எந்திரத்தைப் பழிக்கவில்லை. பழைய கூந்தாலிக்கு மீள வேண்டும் என்றும் கூறவில்லை. தொழிலாளரின் சோம்பல் என்றும் மேலதிகாரிகளின் கொடுமை என்றும் எளிதாகக் காரணம் சொல்லி அமையவும் இல்லை. ஒரு தொழில் அமைப்பில் கருவிகளால் ஆன பகுதி ஒன்றும், மனிதர் உறவுகளால் ஆன பகுதி ஒன்றும் பிரிக்க முடியாதவாறு பிணைந்துள்ளன. ஒன்றை மட்டும் திருத்திவிட்டு மற்றொன்றை அதன் போக்கில் விட்டால் இரண்டும் கெடும் என்பதே அதன் சாரம். இவ்வகை அமைப்பைப் பிற்காலத்தில் 'சமூகத் தொழில்நுட்ப அமைப்பு' என்று வழங்கலாயினர்.

ஒரே எந்திரத்தைக் கொண்டு வேறொரு விதமாக மனிதரை அமைக்க இயலுமா என்ற வினா அடுத்து எழுந்தது. அதற்குரிய விடை எவரும் வகுத்த திட்டத்திலிருந்து வரவில்லை. சுரங்கத்தின் உள்ளேயே முளைத்திருந்தது. சிற்சில சுரங்கங்களில் தொழிலாளர், நிருவாகத்தினரின் இசைவோடு, நெடுஞ்சுவர் வேலையைத் தாமே புதிதாக வகுத்துக்கொண்டிருந்தனர். டிரிஸ்டும் அவருடைய துணைவரும் 1950-க்குப் பின் டர்ஹாம் வட்டாரத்தில் இத்தகைய ஒரு சுவரையும், பழைய பிரிவினை முறையில் நடந்த மற்றொரு சுவரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். இரண்டிலும் கரி அடுக்கு ஒன்றே. எந்திரங்களும் ஒரே வகையின. வேறுபட்டது மனிதர் அமைப்பு மட்டுமே.

புதிய அமைப்பில் 41 பேர் ஒரே குழுவாக இருந்தனர். தம்மோடு உழைப்போரை அவர்களே தேர்ந்துகொண்டனர். யார் எந்த ஷிப்டுக்கு வருவது, எந்த வேலையைச் செய்வது என்பதையும் அவர்களே தம்முள் மாற்றிமாற்றி வகுத்துக்கொண்டனர். குழு முழுவதற்கும் ஒரே கூலிச்சீட்டு. அத்தொகையை எல்லோரும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டனர். முந்திய ஷிப்டினர் வேலையை எந்த இடத்தில் விட்டுச் சென்றனரோ அந்த இடத்திலிருந்து அடுத்த ஷிப்டினர் தொடர்ந்தனர். தம் வேலை முன்னதாக முடிந்துவிட்டால் அடுத்த கூறுக்குரிய வேலையையும் தொடங்கிவிடுவர். அது 'பிறர் வேலை' என்னும் எண்ணம் அங்கே இல்லை. இன்று துளை இட்டவன் நாளை அள்ள வேண்டியவன் ஆதலால், துளையைத் தவறாக இட்டால் தன் கைக்கே தீங்கு என்பதை அவன் அறிவான்.

இரு சுவர்களின் கணக்கும் இவ்வேறுபாட்டைக் காட்டியது. பிரிவினை முறையில் நடந்த சுவரில், வேலைக்கு வந்திருக்க வேண்டிய முறைகளில் நூற்றுக்கு 20 விடுபட்டன. கூட்டு முறையில் நூற்றுக்கு 8 அளவே விடுபட்டன. விபத்துக் காரணமாக மட்டும் வாராமற்போனவை முன்னதில் நூற்றுக்கு ஏறத்தாழ 7. பின்னதில் ஏறத்தாழ 3. அள்ளும் ஷிப்டு முடியும்போது சுழற்சி பின்தங்கிக் கிடந்தது முன்னதில் நூற்றுக்கு 69 முறை; பின்னதில் 5 முறை. கிடைத்த கரியோ, கிடைத்திருக்கக் கூடிய அளவில் முன்னதில் நூற்றுக்கு 78; பின்னதில் நூற்றுக்கு 95. இவ்வெண்களுள் உற்பத்தியின் உயர்வையே பலரும் எடுத்துக் கூறுவர். ஆயினும், விபத்துக் கணக்கு பாதிக்கும் குறைவாக இறங்கியதே இவற்றுள் தலைசிறந்தது.

மேற்பார்வையாளரின் நிலையும் மாறியது. ஒவ்வொருவனையும் துரத்திச் சென்று வேலை வாங்கும் தொல்லை நீங்கவே, வேண்டிய முட்டுக்கட்டைகள் உரிய நேரத்தில் வந்து சேர்கின்றனவா, காற்றோட்டமும் பாதுகாப்பும் செம்மையாக உள்ளனவா என்று கவனிக்க அவர்க்கு ஓய்வு கிடைத்தது. இவ்வளவு நன்மை கண்டும் கூட்டு முறை எல்லாச் சுரங்கங்களிலும் பரவிவிடவில்லை. குழுவினர் தாமே ஆள்கின்றனர் என்றால் அதிகாரத்தில் இருப்போர்க்கு ஐயம் தோன்றுவது இயல்பு. மேலும் பெரிய எந்திரங்களை நிறுவுவதிலேயே வாரியத்தின் நாட்டம் சென்றது.

இதே ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்பார் 1953-ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்தார். அகமதாபாத்து நகரின் காலிகோ ஆலையார் தம் நெசவுக்கூடம் ஒன்றில் அதற்கு முந்திய ஆண்டில் தானியங்கித் தறிகளை நிறுவியிருந்தனர். சாதாரண விசைத்தறியில் ஊடை நூல் தீர்ந்தவுடன் தறியை நிறுத்தி வேறு நூல் இட வேண்டும். தானியங்கித் தறியோ நிற்காமல் தானே நூலை மாற்றிக்கொள்ளும். ஆதலால் ஒரு நெசவாளி பல தறிகளைக் கவனித்தல் கூடும். இத்துணைச் சிறப்பு இருந்தும் எதிர்பார்த்த அளவு துணி கிடைக்கவில்லை. பழுதுபட்ட துணியோ மிகுதியாக இருந்தது.

அக்கூடத்தில் 224 தறிகளும் 29 தொழிலாளரும் இருந்தனர். அந்த 29 பேரும் 12 வகை வேலைகளுக்கு உரியவராகப் பிரிக்கப்பட்டிருந்தனர். அறுந்த இழையை முடிவோன் ஒருவன். ஊடை நூலை நிரப்புவோன் வேறொருவன். பாவு முழுவதும் சிக்கி அறுந்தால் அதனைச் சீர்ப்படுத்துவோன் மற்றொருவன். எண்ணெய் இடுவோன், கூட்டுவோன், துணி சுமப்போன் என்று மேலும் பலர். ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தை அளந்து அதற்கேற்பத் தறிகளைப் பங்கிட்டிருந்தமையால், ஒரு நெசவாளிக்கு 24 அல்லது 32 தறிகள். நூல் நிரப்புவோனுக்கு 40 முதல் 50 தறிகள். எனவே, ஒருவனுடைய எல்லையும் மற்றொருவனுடைய எல்லையும் எங்கும் பொருந்தவில்லை. ஒரு நெசவாளிக்கு இரண்டு நிரப்புவோர். ஒரு நிரப்புவோனுக்கு இரண்டு மூன்று நெசவாளிகள். தறி நின்றால் யாரைக் கேட்பது என்பதே குழப்பம். தனிப்பட்ட மனிதர் 29 பேர் அங்கே இருந்தனரேயன்றிக் குழு என்பது ஒன்றும் இல்லை.

இதனைக் கண்ட ரைஸ், 64 தறிகளை ஒரு தொகுதியாக வைத்து, அதற்கு வேண்டிய எல்லா வேலைகளையும் 7 பேர் கொண்ட குழு ஒன்றிடமே ஒப்படைக்கலாம் என்னும் கருத்தை வெளியிட்டார். அதனை மேற்பார்வையாளர்களோடு கலந்து பேசினார். செய்தி தொழிலாளர் காதுக்கு எட்டியதும், ஆலையார் ஆணையிடுவதற்குக் காத்திராமல் அவர்களே கூடிப் பேசிக் குழுக்களை அமைத்துக்கொண்டனர். இவ்வளவு விரைவை ரைஸே எதிர்பார்க்கவில்லை. தொடக்கத்தில் ஏற்றமும் இறக்கமும் இருந்தன. விரைவை நாடித் தறிகளின் பராமரிப்பைச் சற்றே கைவிட்டதால் இடையில் பழுதும் பெருகியது. ஆலையார் பொறுமை இழந்து திட்டத்தைக் கைவிடாமல், குறைகளை ஒவ்வொன்றாக நீக்கினர். வேலை நிலைபெற்றபின், நூற்றுக்கு 80 அளவில் இருந்த தறிகளின் திறன் 95 அளவிற்கு உயர்ந்தது. நூற்றுக்கு 32 அளவில் இருந்த துணிப்பழுது 20 அளவிற்குத் தாழ்ந்தது.

1970-ஆம் ஆண்டில் எரிக் மில்லர் என்பார் அவ்வாலைக்குச் சென்று, அக்குழுக்கள் எந்நிலையில் உள்ளன என்று ஆராய்ந்தார். ஒரு நெசவுக்கூடத்தில் 16 ஆண்டுகள் கழிந்த பின்னும் அம்முறை ஏறக்குறைய அவ்வாறே நிலவியது. ஏனைய கூடங்களில் தளர்ந்து போயிருந்தது. குழுவின் எல்லையைப் பேணுவதற்கு ஓயாத கவனம் வேண்டும். புறத்திலிருந்து வரும் நெருக்கடி ஒவ்வொன்றும் அதனைச் சிறிது சிறிதாக அரிக்கும். எந்திரத்திற்கு எண்ணெய் இட ஆள் வைப்பவர்கள், குழுவுக்கும் அத்தகைய பேணுதல் வேண்டும் என்பதை எளிதில் நினைப்பதில்லை.

சுரங்கத்திலும் நெசவுக்கூடத்திலும் எந்திரம் முதலில் வந்தது. மனிதரைப் பற்றிய சிந்தனை அதன்பின் வந்தது. இரண்டையும் ஒருங்கே எண்ணிக் கட்டப்பட்ட தொழிற்சாலை ஒன்று சுவீடன் நாட்டில் கால்மர் என்னும் நகரில் 1974-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. வோல்வோ நிறுவனத்தார் அங்கே மோட்டார் வண்டிகளைப் பூட்டினர். தொழிலாளர் நிற்கும் இடத்தைக் கடந்து நிற்காது ஓடும் நீண்ட தொடர் அங்கே இல்லை. ஒவ்வொரு வண்டியும் மின்கலத்தால் இயங்கும் தனி மேடையின்மேல் ஏற்றப்பட்டுக் குழுவிடம் வந்து நின்றது. 15 முதல் 20 பேர் கொண்ட குழு ஒன்று, மின்கம்பி இணைத்தல், உட்புறம் அமைத்தல் போன்ற ஒரு முழுப் பகுதிக்குப் பொறுப்பேற்றது. வேலையைத் தமக்குள் எவ்வாறு பங்கிட்டுக்கொள்வது என்பது அவர்கள் விருப்பம். கட்டடமே இதற்கு ஏற்றவாறு பல கோணங்களாக வளைத்துக் கட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் உழைக்கும் நெடிய கூடத்தில் ஒருவராக நின்று மறைந்துபோகாமல், சிறு தொழிற்கூடத்தில் உழைப்பது போன்ற உணர்வு அதனால் அவர்கட்கு உண்டாயிற்று. வண்டி வாணிகம் நலிவுற்ற காலத்தில், 1994-ஆம் ஆண்டில், அத்தொழிற்சாலை மூடப்பட்டது. அதுவரை இருபது ஆண்டுகள், ஒவ்வொரு குழுவும் தனக்கே உரிய வாயிலின் வழியாக உள்ளே வந்து, தனக்கே உரிய அறையில் உடை மாற்றிக்கொண்டு, சன்னல் வெளிச்சம் படும் தன் இடத்தில் வேலையைத் தொடங்கியது.